பழுக்காத புண்

அமலி எந்த வேலையையும் வரிசை மாறாமல் செய்கிறவள். காலை ஏழு மணிக்கு அளத்தங்கரை சுகாதார நிலையத்தின் கதவைத் திறந்ததும் முதலில் கை கழுவுவாள். இரண்டாவதாக, மருந்துப் பெட்டியின் குளிர் எத்தனை என்று பார்த்துக் குறித்துக்கொள்வாள். மூன்றாவதாகப் புண் நோட்டை விரித்து, அன்றைய தேதியை எழுதி, அதன் கீழே அடிக்கோல் வைத்துக் கோடு போடுவாள். அதற்குப் பிறகுதான் வாசலில் நிற்கிறவர்களை நிமிர்ந்து பார்ப்பாள்.

அளத்தங்கரை, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் இருக்கிற ஊர். பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்களுக்குக் காலில் புண் இல்லாத நாள் கிடையாது. அதனால் புண்ணுக்கென்றே தனி நோட்டு. ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டங்கள்: வீக்கம், சிவப்பு, சூடு, வலி. நான்கிலும் 'இல்லை' என்று வந்தால் கடைசிக் கட்டத்தில் 'சுத்தம்' என்று எழுத வேண்டும்.

அந்தச் சொல்லை எழுதுவதில் அமலிக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இரட்டைக்கோடு நோட்டில் எழுதிப் பழகிய கை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஒரே பரிசு கையெழுத்துக்காகத்தான். முப்பத்தொன்பது வயதில் முடக்குவாதம் வந்து விரல்கள் இஞ்சித் துண்டுபோல வீங்கிக் கோணியபோது, பேனா பிடிக்க முடியவில்லையே என்றுதான் அவள் முதலில் அழுதாள். சோறு பிசைய முடியாதது இரண்டாவது கவலை.

இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு. பத்து மாதமாக விரல்கள் நேராக நீள்கின்றன. காரணம் வழுக்கூசி.

மருந்துக்கு அது பெயரில்லை. பெட்டியில் ஏதோ எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும். ஊர்தான் அப்படிப் பெயர் வைத்தது. பத்து மாதத்துக்கு முன்னால், 2047 ஆவணியில், அதைக் கண்டுபிடித்த டாக்டர் மாதங்கி சென்னையிலிருந்து வந்து உப்பு குவிக்கும் தட்டுமேட்டில் நின்று விளக்கினாள்.

"ஹெப்பாரின்னு ரொம்பப் பழைய மருந்து ஒண்ணு இருக்கு. ரத்தம் உறையாம இருக்கக் குடுப்பாங்க. அதுக்கு இன்னொரு குணமும் உண்டு. நம்ம ரத்தத்துல வெள்ளணுக்கள் ஓடிக்கிட்டே இருக்கும். எங்கயாவது காயம்னா அங்க இறங்கி வேலை செய்யும். எப்படி இறங்கும்? நீங்க ஓடுற மினிபஸ்ஸுல இருந்து எப்படி இறங்குவீங்க?"

"டிரைவரைத் திட்டி இறங்குவோம்" என்றாள் சண்முகக்கனி. கூட்டம் சிரித்தது. அந்த அளத்தில் வாய்க்குப் பெயர்போனவள் அவள்.

டாக்டரும் சிரித்தாள். "சரி, திட்டிட்டு? முதல்ல கம்பியைப் பிடிப்பீங்க. அப்புறம் படியில கால் வைப்பீங்க. வெள்ளணுவும் அப்படித்தான். ரத்தக்குழாய்ச் சுவத்துல இருக்கிற கம்பியைப் பிடிச்சு, உருண்டு, ஒட்டி, நின்னு, சுவத்துக்குள்ள நுழைஞ்சு இறங்கும். இறங்கின இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். காயம்பட்டா அது தேவை. ஆனா காயமே இல்லாம உங்க மூட்டுல தினமும் இறங்கி உட்கார்ந்துக்குதே, அதுதான் நோய். ஹெப்பாரின் அந்தக் கம்பியில எண்ணெய் தடவின மாதிரி. ரத்தத்தை நீர்க்க வைக்கிற குணத்தை நாங்க எடுத்துட்டோம். வழுக்குற குணத்தை மட்டும் வச்சிருக்கோம். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி."

"எதுலேர்ந்து எடுக்கிய?" என்று கனி கேட்டாள்.

"ஆட்டுக் குடல்லேர்ந்து."

"போட்டிக் கொழம்பா! அப்ப வெள்ளிக்கிழம போட மாட்டேன், சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் இருநூற்றுப் பதினான்கு பேர் போட்டுக்கொண்டார்கள். சுகாதார நிலைய ஊழியர் என்ற முறையில் அமலியும் போட்டுக்கொண்டாள். ஒரு மாதத்தில் கனியின் முழங்கால் வற்றியது. உப்புக்காற்றில் இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சு சீரானது. அமலி பேனாவை எடுத்தாள்.

அவளுக்கு எழுத ஒரு காரணமும் இருந்தது. இயந்திரங்கள் யார் பெயரிலும் எதையும் எழுதிவிடுகிற காலம். ஆகவே இந்த மருந்தைச் சோதித்துப் பார்க்கிற ஆய்வுக்குழு, மருந்து போடும் இடத்திலிருக்கும் நர்ஸ் தன் கையால் எழுதிக் கையொப்பமிட்ட தாளைத்தான் சாட்சியாக ஏற்கும். சனிக்கிழமைதோறும் அமலி ஒரு கடிதம் எழுதினாள். தேதி, இடம், பொருள், எண் போட்ட பத்திகள், கீழே ச. அமலி என்று சுழித்த கையொப்பம். நாற்பது கடிதங்கள் போய்விட்டன. நாற்பதிலும் செய்தி ஒன்றுதான்: புண்கள் சுத்தம்.

நாற்பத்தொன்றாவது வாரத்தில் முத்துப்பேச்சி பதினோராவது நாளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐம்பது வயது. வரப்பு ஓரத்தில் உடைமுள் ஏறிய இடது உள்ளங்காலைத் தூக்கி அமலியின் மடிக்கு நேராக நீட்டினாள். முள்ளை அன்றைக்கே பிடுங்கிப் போட்டாகிவிட்டது. சின்னத் துளை. சுற்றிலும் வெளிறிய தோல், பழைய தேங்காய்ப் பத்தைபோல.

"சிஸ்டர், இது பழுக்கவே மாட்டேங்கு."

"நல்லதுதானக்கா" என்றாள் அமலி, பஞ்சை நனைத்துக்கொண்டே. நான்கு கட்டத்திலும் 'இல்லை' போட்டாள்.

"இல்ல சிஸ்டர். பழுக்க மாட்டேங்குன்னேன்."

"அதான் நானும் சொல்லுதேன். சீழ் இல்ல, வீக்கம் இல்ல. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

முத்துப்பேச்சி எதிரே நின்ற கனியைப் பார்த்தாள். தான் சொன்னதும் சிஸ்டர் கேட்டதும் ஒன்றல்ல என்று அவளுக்குப் புரிந்தது; எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. "காலு மரத்த மாதிரி கெடக்கு. ஒடம்பு ஓஞ்சு வருது. ரெண்டு நாளு லீவு கெடச்சா தேவல."

"வாசல் கண்ணுல காட்டுனியா?" என்று கனி கேட்டாள். உப்பளக் கேட்டில் கம்பெனி வைத்திருக்கிற கருவி அது. காலையோ கையையோ காட்டினால் வீக்கத்தையும் சூட்டையும் அளந்து, சிவப்பு விளக்கு எரிந்தால் விடுப்பு, பச்சை எரிந்தால் வேலை.

"பச்சதான் எரியுது."

"எரியும்ளா, எரியும். முன்னாலயாவது மூட்டு வீங்குனா ரெண்டு நாளு கட்டில்ல கெடப்போம். இப்ப வீங்கவும் மாட்டேங்கு, லீவும் கெடையாது. ஊசி நமக்குப் போட்டாவளா, அந்தக் கேட்டுக்குப் போட்டாவளா?"

அமலி சிரித்தபடியே கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: சுத்தம். 'சு'வின் வளைவு அன்றைக்கு அழகாக விழுந்தது.

பதின்மூன்றாவது நாள் காலை பத்து மணிக்கு, தட்டுமேட்டில் உப்புக் கூடையோடு முத்துப்பேச்சி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கனியும் இன்னொருத்தியும் சரக்கு வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். கண் திறந்திருந்தது, பேச்சு குழறியது. ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே. உடம்பில் காய்ச்சல் இல்லை. கையும் காலும் ஈரச்சாக்குபோலச் சில்லிட்டிருந்தன. அமலி ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். வர நாற்பது நிமிஷம். சொட்டு மருந்தைப் போட்டுவிட்டு, விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சிறு கருவியில் வைத்தாள். வந்த எண்ணை நம்பாமல் மறுபடி வைத்தாள். பிறகு டாக்டர் மாதங்கியைக் கூப்பிட்டாள்.

"வெள்ளணு எவ்வளவு இருக்கு?" முதல் கேள்வியே அதுதான்.

"நாற்பத்தெட்டாயிரம், மேடம். பத்தாயிரத்துக்குள்ள இருக்கணும். மெஷின் தப்புன்னு திரும்பவும் வச்சேன். நாற்பத்தொம்பது."

"எங்கயாவது புண்?"

"உள்ளங்கால்ல. ஆனா சுத்தமா..." அமலி பாதியில் நிறுத்தினாள். வாக்கியத்தின் மிச்சம் வாய்க்குள் நின்றது.

"அமுக்கிப் பாருங்க. சீழ் வருதா?"

அமலி அமுக்கினாள். கொஞ்சம் கலங்கிய தண்ணீர் வந்தது. துளை விரிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பொந்து தெரிந்தது. நாற்றம் இருந்தது. பதினோரு நாள் மருந்துப் பஞ்சு வாடையில் அவள் முகராமல் விட்ட நாற்றம்.

"சீழ் இல்ல. ஒரு சொட்டுகூட இல்ல." தட்டுமேட்டில் கேட்ட பேச்சு அவளுக்கு அப்போது திரும்பி வந்தது. "மேடம், பஸ் நிறைஞ்சு போயிருக்கு. ஒருத்தரும் இறங்கல."



"ஆமா" என்றாள் மாதங்கி. "ரத்தத்துல நாற்பத்தெட்டாயிரம் சுத்திக்கிட்டு இருக்கு. காயம் கூப்பிடக் கூப்பிட உடம்பு இன்னும் இன்னும் அனுப்புது. புண்ணுக்குள்ள ஒண்ணுகூடப் போகல. கிருமிக்கு அங்க எதிராளியே இல்ல. மாற்றூசி இருக்கா?"

வழுக்கூசியின் வேலையை நிறுத்துகிற ஊசி பெட்டியில் இருந்தது. ஆனால் விதிப்புத்தகத்தின் பதினாறாம் பக்கம் அமலிக்கு மனப்பாடம். "வீக்கம், சிவப்பு, சூடு, வலி. இதுல ரெண்டாச்சும் இருந்தாத்தான் போடலாம்னு இருக்கு, மேடம். இவுங்களுக்கு நாலும் இல்ல."

"அந்தப் பக்கத்தை எழுதினது நான்தான்." மாதங்கியின் குரல் அதே நிதானத்தில் இருந்தது, வேகம் மட்டும் குறைந்தது. "ஊசி எதையெல்லாம் அழிக்குமோ, அதையெல்லாம் அடையாளமாக் கேட்டிருக்கேன். போடுங்க சிஸ்டர். மெதுவா, பத்து நிமிஷம் எடுத்து. என் உத்தரவுன்னு எழுதிக்கங்க. கிருமிக்கு உண்டான மருந்தையும் இப்பவே ஆரம்பிங்க."

அமலி போட்டாள். பக்கத்தில் நின்ற கனி, பெட்டியில் இருந்த விளக்கத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மீன்லேர்ந்து எடுக்காவளாம்" என்றாள் தாழ்ந்த குரலில். "ஆட்டைப் போட்டு ஏத்துனதை மீனைப் போட்டு எறக்குதாவ. ஏளா பேச்சி, ஒன் ஒடம்புக்குள்ள சந்தையே நடக்குதுடீ. கண்ணத் தொற."

மூன்றாம் நாள் மத்தியானம், தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியின் வார்டுக்கு அமலி போனபோது, முத்துப்பேச்சியின் கத்தல் வராந்தாவிலேயே கேட்டது. உள்ளே போய்ப் போர்வையை விலக்கினாள். இடது கால் கணுக்கால் வரை பூசணிபோல வீங்கி, செக்கச்செவேலென்று பளபளத்தது. தொட்ட கை சுட்டது. அமலி தொடையிடுக்கில் விரல் வைத்தாள். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி உருண்டது.

"நெறி கட்டியிருக்கு!" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "அக்கா, நெறி கட்டியிருக்கு!"

"ஏ சிஸ்டர், எனக்கு வலில உயிரு போவுது. நீங்க என்னன்னா சிரிக்கிய!"

"வலிக்குதா? நல்லா வலிக்குதா?"

"கேக்காவளே கேள்வி! கூறுகெட்ட சிஸ்டர்."

மறுநாள் உள்ளங்கால் மஞ்சளாகத் திரண்டது. அங்கிருந்த டாக்டர் கத்தி நுனியால் லேசாகத் தொட்டதும் சீழ் பீறிட்டு வந்தது. அதோடு கறுப்பாக, அரை நகம் நீளத்தில், உடைமுள்ளின் ஒடிந்த நுனியும் வந்தது.

முத்துப்பேச்சி அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். வலி வடிந்த முகத்தில் கோபம் வந்தது. "இதைத்தானே சொன்னேன். பழுத்தாத்தானே வெளிய வரும். பழுக்க மாட்டேங்கு, பழுக்க மாட்டேங்குன்னு ஒங்ககிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்க நல்லதுன்னிய."

ஆள் பிழைத்தாள். இரண்டு விரலோடு காலும் பிழைத்தது. மற்ற மூன்று விரல்களை எடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே அமலி இரண்டு நோட்டுகளை மேசையில் வைத்தாள். ஒன்று இந்த வருஷத்துப் புண் நோட்டு. மற்றது ஊசி வருவதற்கு முந்தைய வருஷத்தது. வரிசையாகப் போனாள். ஒவ்வொரு புண்ணும் முதலில் வந்த தேதி, கடைசியாக வந்த தேதி. முந்தைய வருஷம் நோட்டு முழுக்க 'வீக்கம் உண்டு', 'சீழ் உண்டு', 'சூடு உண்டு' என்று கிறுக்கலாகக் கிடந்தது. அவளுடைய கோணல் விரல்கள் எழுதியது. அந்தப் புண்கள் ஆற சராசரி ஒன்பது நாள். இந்த வருஷம் பக்கத்துக்குப் பக்கம் முத்து முத்தாகச் 'சுத்தம்'. ஆற சராசரி இருபத்திரண்டு நாள்.

மாசி மாதப் பக்கத்தில் லிங்கத்துரை என்ற பெயர் வந்தது. அறுபது வயது, குதிகால் வெடிப்பு. ஆறு வரிகள், ஆறு சுத்தம். ஏழாவது வரி இல்லை. ஏன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பாத்தியில் விழுந்து இறந்துபோனார்; மாரடைப்பு என்றார்கள். அவள் மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தாள். காலைப் பார்க்கத் தோன்றவில்லை. காலில்தான் ஒன்றும் இல்லையே.

நடந்ததை மாதங்கியிடம் சொன்னபோது அவள் மறைக்காமல் பேசினாள். "பேச்சியம்மாவுக்கு நான் உத்தரவு போடலாம். மொத்தமா நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல. குழுதான் நிறுத்தணும். அவங்களுக்கு அங்கிருந்து வந்த நாற்பது கடிதமும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுது. இப்ப அதே கை அதை மறுத்து எழுதணும். உங்க பேருலதான் பழி வரும், சிஸ்டர். யோசிச்சுக்கங்க."

"நிறுத்திட்டா எனக்கும் கிடையாதுல்லா, மேடம்?"

"கிடையாது" என்றாள் மாதங்கி.

அமலியின் அடுத்த ஊசிக்கான தேதி பத்தொன்பது நாளில் வந்தது. அவள் பெயர் எழுதிய குப்பி பெட்டியில் இருந்தது. எண்ணும் வேலை இன்னும் முடியவில்லை; அது முடியும்வரை சனிக்கிழமைக் கடிதத்தையும் நிறுத்திவைத்திருந்தாள். ஊசி போட்டவர்களின் அட்டைகள் பாதி மிச்சம். குப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நினைப்பு அவளை விடவில்லை. புண்ணைப் பார்த்துச் 'சுத்தம்' என்றது அவள் கண்ணா, அல்லது இந்த விரல்கள் இப்படியே இருக்க வேண்டுமே என்ற ஆசையா? இந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை அவளால் அதைச் சொல்ல முடியாது. அவள் குப்பியைத் திரும்ப வைத்துக் கதவைச் சாத்தினாள். தேதிக்கு எதிரே 'போடவில்லை' என்று எழுதினாள். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் காலை எழுந்தால் விரல் மடங்க மறுத்தது. ஐந்தாவது வாரத்தில் மோதிர விரல் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது.

கனி வந்தாள். வாசல்படியில் உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

"சிஸ்டர், எழுதப் போறியன்னு கேள்விப்பட்டேன். எழுதாதிய."

"பேச்சியக்காவ நீங்கதான தூக்கிட்டு வந்திய?"

"நான்தான் தூக்குனேன். அந்தத் தூக்குன முழங்காலுக்கு உசுரு குடுத்தது ஒங்க ஊசிதான். பத்து வருசமா பாத்தில எறங்க ஒருத்தி கையப் புடிச்சேன். இந்தப் பத்து மாசமா யாரையும் புடிக்கல. நீங்க எழுதுனா இருநூறு பேருக்கு மறுபடி மூட்டு வீங்கும். ஒங்களுக்கு உக்காந்த வேல. எங்களுக்கு அப்படியா?"

அமலி கையை மேசைக்கு மேலே வைத்தாள். அவள் ஒளித்துவைத்திருக்கவில்லை; கனி அதுவரை கவனிக்கவில்லை, அவ்வளவுதான். கனி பார்த்தாள். விரல்களைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"தேதி தாண்டி முப்பத்தாறு நாளாச்சு."

"பைத்தியமா சிஸ்டர் ஒங்களுக்கு?" என்றாள். அதில் திட்டு இல்லை.

"எல்லாருக்கும் நிறுத்தச் சொல்லி எழுதல, கனியக்கா. காலெல்லாம் காயத்தோட உப்புத்தண்ணில நிக்கிறவங்களுக்கு இது ஆகாதுன்னு எழுதுதேன். போட்டே ஆவணும்னா புண்ணு ஆறுத மட்டும் லீவு குடுங்க, அந்தப் பச்ச வெளக்க நம்பாதியன்னு எழுதுதேன். அவிய என்ன முடிவு பண்ணுவாவளோ எனக்குத் தெரியாது. மொத்தமாவே நிறுத்தினாலும் நிறுத்திருவாவ. அதையும் ஒங்ககிட்ட மறைக்கல."

"லிங்கத்தொர மாமாவையும் எழுதுவியளா?"

"அவரைத்தான் முதல்ல எழுதுவேன்."

கனி திரும்பி நடந்தாள். லிங்கத்துரை அவளுக்குத் தாய்மாமன்.

கடிதம் எழுத நான்கு நாள் ஆயிற்று. பேனாவில் துணி சுற்றித் தடிமனாக்கி, கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். தேதி, இடம், பொருள். பிறகு எண் போட்ட பத்திகள்.

"ஒன்று. இதற்கு முன் நான் அனுப்பிய நாற்பது கடிதங்களிலும் புண்கள் சுத்தம் என்று எழுதியுள்ளேன். அது தவறு. அவை ஆறிய புண்கள் அல்ல. உடம்பு கவனிக்காமல் விட்ட புண்கள்.

"இரண்டு. திரு. லிங்கத்துரையின் மரணத்தை மறுபடி விசாரிக்க வேண்டும்.

"மூன்று. முத்துப்பேச்சி என்ற தொழிலாளி, புண் பழுக்கவில்லை என்று என்னிடம் பதினோரு நாள் முறையிட்டார். நான் அதை நற்செய்தியாக எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. படித்த எனக்குத்தான் தெரியாமல் போயிற்று..."

பன்னிரண்டு பத்திகள். கடைசியில் ச. அமலி. 'லி'யின் சுழி மூன்று முறை பேனாவை எடுத்து எடுத்து வைத்ததால் உடைந்து நின்றது. நோட்டுகளின் நகலோடு பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

பதினான்காம் நாள் பதில் வந்தது. காலை நேரம். முத்துப்பேச்சி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டுப் போட்டுக்கொள்ள உட்கார்ந்திருந்தாள். மறுபடி வீங்கத் தொடங்கிய முழங்காலுக்குத் தைலம் கேட்டு வந்த கனி நிலைப்படியில் நின்றாள். அவளும் அடுத்த ஊசிக்கு வரவில்லை. ஏன் என்று அமலி கேட்கவில்லை, கனியும் சொல்லவில்லை.

உறையைப் பிரித்தால் அமலியின் கடிதமே திரும்பி வந்திருந்தது. மேலே ஒரு சீட்டு, அச்செழுத்தில்.

"என்னவாம்?" என்றாள் முத்துப்பேச்சி.

அமலி வாசித்தாள். "தாங்கள் அனுப்பிய கடிதத்தின் கையெழுத்தும் கையொப்பமும், இதே நிலையத்திலிருந்து இதற்கு முன் பெறப்பட்ட நாற்பது கடிதங்களுடன் ஒப்பிடப்பட்டன. பொருந்தவில்லை. வேறொருவரால் எழுதப்பட்டது எனக் கருத இடமுள்ளதால் இதைச் சாட்சியாக ஏற்க இயலவில்லை. உரியவர் தம் கைப்பட எழுதி, விளக்கத்துடன் மீண்டும் அனுப்பவும்."

அமலிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில், பிறகு தோள் குலுங்க. முத்துப்பேச்சிக்கு விஷயம் பிடிபடவில்லை. கனிக்குப் பிடிபட்டது.

"கள்ளக் கையெழுத்துங்காவளா? பத்து மாசமா போட்டதெல்லாம் நல்லதாம், இது கள்ளமாம்!"

அமலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தைய வருஷத்துப் புண் நோட்டிலிருந்து கோணல் எழுத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தினாள். நோட்டிலிருந்து தாள் கிழிப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிறகு அந்தச் சீட்டைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலாக வைத்து, துணி சுற்றிய பேனாவைச் செருகிக்கொண்டாள். எழுதத் தொடங்கியதும் தாள் மேசையில் நகர்ந்தது. இடது கையால் அழுத்திப் பிடிக்க அவள் விரல்களுக்கு வலு இல்லை.

கனி நிலைப்படியிலிருந்து வந்து, உப்பு காய்ந்து வெடித்த உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எழுதுங்க" என்றாள். "வழுக்காது."

அமலி மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். "விளக்கம்: முந்தைய நாற்பது கடிதங்களில் இருப்பது மருந்தின் கையெழுத்து. இது என்னுடையது."